கரைவாகு முதல் கல்முனை மாநகர் வரை: ஓர் ஊராட்சிக் கணக்கின் வரலாறு

தமிழரின் பழைய ஊராட்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சான்றாக முன்வைக்கப்படுவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையைக் கூறுவதனாற் பெரும்புகழ் பெற்றன. ஆயின், அவற்றுள் அதற்கு நிகரான முதன்மையுடைய மற்றொரு விதி அத்துணை பேசப்படுவதில்லை. வாரியத்தில் அமர்ந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஊர்ப்பொருளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது.

இத்தெளிவைத் துணையாகக் கொண்டு நோக்கும்போது, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையின் உள்ளூராட்சி வரலாறு புதிய பொருள் தருகின்றது. கல்முனையின் சிக்கல் இனங்களுக்கிடையிலான பிணக்காகவோ, ஊர்களுக்கிடையிலான போட்டியாகவோ, எல்லைத் தகராறாகவோ பலராலும் விளக்கப்பட்டுள்ளது. இவ்விளக்கங்கள் யாவும் ஓரளவு பொருந்துவனவே. எனினும், இவற்றின் அடியில் நிற்பது எளிய கேள்வியொன்றாகும்: ஓர் ஊர் கொடுக்கும் வரி அவ்வூருக்கு என்னவாகத் திரும்பி வருகின்றது? இக்கேள்விக்கு விடை காணக்கூடிய கணக்கேடு ஊரின் கையில் இருந்த காலமும் அது கைநழுவிய காலமுமே இவ்வரலாற்றின் இரு பகுதிகளாகும்.

நிலமும் ஊர்களும்

கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இரண்டுக்குமிடையே ஒடுங்கிய மணற்பாங்கான நிலம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் பெருந்தெரு அந்நிலத்தை ஊடறுத்துச் செல்கின்றது. வடக்கே பெரியநீலாவணை தொடங்கி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. மேற்கே நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, மணற்சேனை ஆகியன வயலை ஒட்டியுள்ளன. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளமை இப்பகுதியின் தனித்தன்மை. மருதமுனை கைத்தறி நெசவாலும், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பாலும், கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்தாலும் அறியப்படுவன. மொழி ஒன்றே, ஆயினும் ஒவ்வோர் ஊரும் தன்னைத் தனியான உலகமாகவே எண்ணி வந்துள்ளது.

இவ்வூர்களில் அரசாங்கம் அமைத்த சபைகளுக்கு முன்னரே பொதுப்பணியை நடத்திய அமைப்பு ஒன்று உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழியாக வரும் குடி முறையில், ஒவ்வொரு குடியின் சார்பிலும் மரைக்கார் ஒருவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்வர். தமிழ் ஊர்களில் வண்ணக்கர் என்போர் கோயில் நிருவாகத்தில் இதனையொத்த பொறுப்பை வகித்தனர். கொடுப்பவரும் செலவிடுபவரும் ஒரே ஊரவராகவும் ஒருவரையொருவர் அறிந்தவராகவும் இருந்தமை இம்முறையின் வலிமையாகும். பெண்களுக்கு அதில் இடமின்மையும், குடிப்பெருமை மேலோங்கியமையும் அதன் குறைகளாம். எனினும், ஊர்ப்பணம் ஊரவர் கண்முன்னே புழங்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இங்கேதான் வேரூன்றியது.

குடியேற்றவாட்சிக் காலம்

பிரித்தானியர் முதலில் ஊராரிடம் பெற்றது உடலுழைப்பாகும். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வயல்நீர் தொடர்பான பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலு அளித்தது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டபோது, நெல்விளையும் இக்கரையோரத்தில் அச்சட்டத்தின் பயன் பெரிதும் உணரப்பட்டது. 1871ஆம் ஆண்டில் கிராமச் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. இச்சங்கங்களின் தலைமை நெடுங்காலம் அரசாங்க அலுவலரிடமும் தலைமைக்காரரிடமுமே இருந்தது. ஆகவே, ஊர்ப்பணத்துக்குரிய கணக்கு ஊரை நோக்கியன்றிக் கச்சேரியை நோக்கியே எழுதப்பட்டது.

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் சர்வசன வாக்குரிமையை வழங்கியமை இந்நிலையை மாற்றியது. 1938இற் செய்யப்பட்ட திருத்தம் கிராமச் சங்கங்களின் தலைமையைத் தலைமைக்காரரிடமிருந்து விடுவித்தது. 1939இல் நகர சபைகளுக்கும், 1946இற் பட்டினாட்சி மன்றங்களுக்கும், 1947இல் மாநகர சபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. வாக்களித்தவனே வரி இறுப்பவன். அவனுக்கே கணக்குக் காட்டவேண்டும் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

நான்கு மன்றங்கள்

பின்னாளிற் கல்முனை மாநகராகிய நிலப்பரப்பில் அக்காலத்தில் நான்கு மன்றங்கள் இயங்கின. கல்முனைப் பட்டினாட்சி மன்றம் ஒன்று; கரைவாகு வடக்கு, கரைவாகு தெற்கு, கரைவாகு மேற்கு ஆகிய கிராமாட்சி மன்றங்கள் மூன்று. சாய்ந்தமருது கரைவாகு தெற்கிலும், மருதமுனை கரைவாகு வடக்கிலும், நற்பிட்டிமுனையும் அதனைச் சார்ந்த ஊர்களும் கரைவாகு மேற்கிலும் அடங்கின.

இம்மன்றங்கள் செல்வமுடையன அல்ல. சந்தைக் குத்தகை, சோலைவரி, உத்தரவுப்பத்திரக் கட்டணம் ஆகிய சிறு வருவாய்களும் அரசாங்க மானியமுமே இத்தகைய மன்றங்களின் முதல். கிணறு, ஒழுங்கை, வடிகால், சந்தை, மயானம், வாசிகசாலை என்பனவே செலவினங்கள். எனினும், தொகை சிறிதாயிருந்தமையால் அதனைக் கண்காணிப்பதும் எளிதாயிற்று. ஓர் ஒழுங்கைக்குக் கிறவல் போடப்பட்டதா இல்லையா என்பதை அறிய எவரும் ஏட்டைப் புரட்டவேண்டியதில்லை. உறுப்பினரைத் தெருவிலேயே மறித்துக் கேட்கலாம். பட்டினாட்சி மன்றத்தின் சந்தை வருவாய் பட்டினத்தோடு நின்றது. கிராமத்தின் வரி கிராமத்தோடு நின்றது. வறிய ஊர் வறியதாகவே இருக்க நேர்ந்தமை இப்பிரிவினையின் மறுபக்கமாகும். இக்குறையை மறைத்து அக்காலத்தைப் பொற்காலமாகப் புனைதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஏடு மூடப்பட்ட ஆண்டு

இந்நான்கு மன்றங்களும் 1987இல் ஒன்றாக்கப்பட்டன என்பதே மக்கள் நினைவிற் பதிந்துள்ளது. ஆனால், சட்ட வரலாறு சற்று வேறாகும். 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்தி சபைகள் சட்டத்தின் விளைவாக, 1981இலேயே நாடெங்கும் கிராமாட்சி மன்றங்களும் பட்டினாட்சி மன்றங்களும் நீக்கப்பட்டு, அவற்றின் பணிகள் மாவட்ட அபிவிருத்தி சபைகளிடம் சென்றன. அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாகியிருந்தது. எனவே, சாய்ந்தமருதின் ஒழுங்கைக்கும் மருதமுனையின் வடிகாலுக்கும் உரிய முடிவு, ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஒரே பாய்ச்சலிற் சென்றுவிட்டது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இத்தவற்றைத் திருத்த முயன்றது. 1988இற் பிரதேச சபைகள் தோன்றின. ஆயின், பழைய மன்றங்கள் மீளவில்லை. நான்கின் நிலப்பரப்பும் கல்முனைப் பிரதேச சபை என்னும் ஒரே அமைப்பாயிற்று. போர்ச்சூழல் காரணமாகக் கிழக்கில் இச்சபைகளுக்கான தேர்தல் 1994 வரை தாமதமாயிற்று. ஆக, 1981இல் மூடப்பட்ட ஊர்க்கணக்கேடு பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே தேர்ந்தெடுக்கப்பட்டவர் கைக்கு வந்தது. வந்தபோது அது நான்கு ஏடுகளாக இல்லை, ஒன்றாகவே இருந்தது. இணைப்பு நிகழ்ந்ததைவிட, இணைப்புப் பற்றி ஊரவர் கருத்துச் சொல்ல வாய்ப்பின்றி அது நிகழ்ந்தமையே பின்னைய கசப்புக்கு வித்தாயிற்று எனலாம்.

பின்னர்த் தரமுயர்ந்து மாநகர சபையாகிய கல்முனைக்கு 2006இல் மாநகர சபைத் தேர்தல் நடைபெற்றது. பெயர் உயர்ந்த அளவுக்கு அதிகாரம் உயரவில்லை. குடிநீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும், மின்சாரம் இலங்கை மின்சார சபையிடமும் இருந்தன. ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்கப் பணத்தை நம்பவேண்டியிருந்தது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரியனவாகையால், அவை மாகாணத்தின் வழியாகவே வந்து சேரவேண்டியிருந்தது. சபை தானே தீர்மானிக்கக்கூடிய பணம் சிறு பகுதியே. அச்சிறு பகுதியை எத்தெருவுக்கு இடுவது என்பதிலேயே ஊர்களின் போட்டி கூர்மையடைந்தது.

சேவைகளின் சோதனை

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் அம்பாறை மாவட்டத்தையே மிகக் கொடிதாகத் தாக்கியது. அம்மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய கரையோரக் குடியிருப்புகள் சிதைந்தன. அதன்பின், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்னும் விதி வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. வயலுக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி வாழும் மக்களுக்கு அவ்விதி பெருஞ்சுமையாயிற்று. வீடு எங்கே, நிலம் எங்கே, யாருக்கு முதலில் என்னும் முடிவுகளை அரசாங்க நிருவாகமும் வெளிநாட்டு நிறுவனங்களும் எடுத்தன. ஊரின் மிகப் பெரிய செலவு நிகழ்ந்த காலத்தில் ஊரின் சபைக்கு அதில் இருந்த பங்கு மிகச் சிறிது.

அன்றாடச் சேவைகளுட் குப்பை அகற்றல் இந்நிலத்தின் இயல்பை வெளிப்படையாகக் காட்டுகின்றது. நெருக்கமான கரையோர ஊர்களில் குப்பை கொட்ட இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் 2008இல் கழிவு நிலையம் அமைக்கப்பட்டது. அயலூர்களின் கழிவு அங்கே குவிந்தது. முறையாகத் தரம்பிரித்து மீள்பயன் கொள்ளப்படவில்லை. காட்டு யானைகள் அக்குவியலில் மேய்ந்து பிளாஸ்ரிக்கை உண்டு மாண்ட செய்தி 2022இல் உலகெங்கும் பரவியது. கட்டடத்துக்கு நன்கொடை கிடைத்தது. அதனை நாள்தோறும் நடத்துவதற்கான செலவு எவருடைய வரவு செலவுத் திட்டத்திலும் உறுதியாக இடம்பெறவில்லை. கட்டுவது ஒருமுறைச் செலவு, பேணுவது ஆண்டுச் செலவு என்னும் கணக்கியலின் முதற்பாடம் மறக்கப்பட்டதன் விளைவை யானைகள் சுமந்தன.

கணக்குக் கேட்டல் எல்லை கேட்டலான கதை

2011ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாஹிப் முதல்வரானார். முதல்வர் பதவியை ஊர்களிடையே காலத்தாற் பங்கிடும் உடன்பாட்டின் வழியே 2013இல் அவர் விலக, நிசாம் காரியப்பர் அப்பதவிக்கு வந்தார். பணத்தைப் பங்கிட ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் இல்லாதபோது பதவியைப் பங்கிடுவதே நீதியாகத் தோன்றியது. இடைக்காலத்தில், 2011இல் அயலிலுள்ள அக்கரைப்பற்று மாநகர சபையாக்கப்பட்டமை தனிச்சபை கேட்போருக்கு ஊக்கமளித்தது.

2018 பெப்ரவரித் தேர்தலில், பெரிய பள்ளிவாசலின் ஆதரவுடன் போட்டியிட்ட சுயேச்சைக் குழு தனிச்சபைக் கோரிக்கையை முன்வைத்துச் சாய்ந்தமருதில் வென்றது. மரைக்கார் மரபின் வழிவந்த நிருவாகம் வாக்குச்சாவடியின் வழியே பேசிய வேளை அது. 2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபையை அறிவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களிலேயே அது இடைநிறுத்தப்பட்டது. சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் எஞ்சிய சபையில் தமது நிலை தளரும் எனக் கல்முனை முஸ்லிம்கள் அஞ்சினர். பிரிப்பதாயின் பழையபடி நான்காகப் பிரிக்கவேண்டும் என்னும் குரல் எழுந்தது.

இதே காலத்திற் கல்முனைத் தமிழரின் கோரிக்கையும் கொதிநிலை எய்தியது. 1989இல் உருவான உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாநோன்பு நடந்தது. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாகம். மாநகர சபையோ மக்கள் தேர்ந்த சபை. இரண்டும் வேறாயினும், நிதியதிகாரம் வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் உயிர்நாடியாயிருந்தது. சாய்ந்தமருது முஸ்லிமும் பாண்டிருப்புத் தமிழரும் அரசியலில் எதிரெதிரே நின்றபோதும், கேட்டது ஒன்றையே: தம் ஊருக்கெனத் தனிக் கணக்கு.

எல்லைச் சிக்கல் நீதிமன்றம் சென்றது. 2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, அவை அலுவலர் பொறுப்பில் வந்தன. 2025 மே 6ஆம் நாள் நாடெங்கும் தேர்தல் நடந்தபோதும், வழக்கின் காரணமாகக் கல்முனை அதில் இடம்பெறவில்லை. தமக்கெனக் கணக்குக் கேட்கத் தொடங்கிய ஊர்கள், ஈற்றிற் கணக்குக் கேட்பதற்குரிய மன்றமே இன்றி நின்றமை இவ்வரலாற்றின் துயரமான முரணாகும்.

பிற இடங்களின் படிப்பினை

எல்லையை மாற்றாமலே ஊர்க்கணக்கை மீட்கலாம் என்பதற்கு வேறிடங்களிற் சான்றுகள் உள. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 தொடக்கம், வட்டாரம் வட்டாரமாக மக்கள் கூடி, முதலில் எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானித்தனர். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியின் மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட பங்கை உள்ளூராட்சி அமைப்புகளிடம் விட்டு, கிராம சபைக் கூட்டங்களில் திட்டங்களை ஆராய வைத்தது. இரண்டும் குறையற்றன அல்ல. எனினும், பெரிய சபைக்குள்ளேயே சிறிய ஊரின் குரலுக்கும் கணக்குக்கும் இடமளிக்கலாம் என்பதை அவை மெய்ப்பித்தன.

கல்முனைக்கு இப்படிப்பினை அயலானதன்று. 2018இன் தேர்தல் வட்டார முறையில் நடந்தது. உறுப்பினர் வட்டாரத்துக்குரியவரானார், ஆனால் வரவு செலவு வட்டாரத்துக்குரியதாக விளக்கப்படும் வழக்கம் உருவாகவில்லை. சாய்ந்தமருதில் எவ்வளவு சோலைவரி திரண்டது, கல்முனைச் சந்தை எவ்வளவு ஈட்டியது, மணற்சேனையின் தெருவிளக்குக்கு எவ்வளவு சென்றது என்பவற்றை ஆண்டுதோறும் பள்ளிவாசல் முன்றலிலும் கோயில் வீதியிலும் வாசிகசாலையிலும் எழுதி ஒட்டுவதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை, புதிய எல்லையும் வேண்டியதில்லை. சந்தை வருவாயுள்ள ஊர் வறிய ஊருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றது என்பதும் அப்போது தெரியவரும். தெரிந்து கொடுப்பது ஈகையாகும், தெரியாது போவது இழப்பாகவே எண்ணப்படும்.

சபை ஒன்றாக நிற்பதா, நான்காகப் பிரிவதா என்பதை அவ்வூர் மக்களும் சட்டமும் தீர்மானிக்கலாம். எவ்வாறு தீர்ந்தாலும், கணக்கு மறைந்திருக்குமாயின், நான்கு சபைகளுக்குள்ளும் நாளை நாற்பது ஊர்ப்பிணக்குகள் எழும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூரார் கணக்குக் காட்டாதவரை வாரியத்திலிருந்து விலக்கினர். கல்முனையில் 1981இன் பின் ஊர்களே தம் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. அதனை மீட்பதே கரைவாகின் ஊர்கள் ஒன்றாக வாழ்வதற்கும், வேண்டுமாயின் இணக்கத்தோடு பிரிவதற்கும் முதற்படியாகும்.