கேல் என்னும் ஸ்காட்ஸ் சொல்

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியில் 'கேல்' என்ற சொல்லின் முதற்பொருள், முட்டைக்கோஸைப் போல உருண்டு திரளாமல், தண்டின்மேல் சுருள் சுருளாக இலை விடும் கோஸ் இனக் கீரை என்பதாகும். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அம்மொழி பேசிய குடியானவர் ஒருவர் அண்டை வீட்டாரைத் தம்மோடு கேல் உண்ண வருமாறு அழைத்தால், அது நண்பகல் உணவுக்கான அழைப்பாகவே கொள்ளப்பட்டது. அன்றைய உணவில் அந்தக் கீரை இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. செடி, அதை இட்டுக் காய்ச்சிய சாறு, அச்சாற்றை முதன்மையாகக் கொண்ட நாளின் பெரிய உணவு என இச்சொல்லின் பொருள் படிப்படியாக விரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே சொல் ஓர் இலக்கியப் போக்கை இகழும் பெயருக்குள்ளும் புகுந்தது. அந்தக் கடைசிப் பொருள் முந்தையவற்றுக்கு நியாயம் செய்யவில்லை என்பது சொல்லின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கும்.

வேர் இலத்தீனில் உள்ளது. 'காவுலிஸ்' என்றால் அம்மொழியில் தண்டு. பின்னர் தண்டு தடித்த கோஸ் செடிக்கும் அதுவே பெயராயிற்று. உரோமரிடமிருந்து வடக்கே பரவிய இச்சொல், பழைய நார்ஸ் மொழியில் 'கால்' என்றும் பழைய ஆங்கிலத்தில் 'காவெல்', 'கால்' என்றும் வழங்கிற்று. பழைய ஆங்கிலத்தின் நெடில் ஆகாரம் தெற்கே ஓகாரமாகத் திரிந்தது. வடக்கே அவ்வாறு திரியாமல், காலப்போக்கில் ஏகாரத்தின் பக்கம் சாய்ந்தது. கல்லைக் குறிக்கும் சொல் தெற்கில் 'ஸ்டோன்', வடக்கில் 'ஸ்டேன்' என்றும், வீட்டைக் குறிக்கும் சொல் 'ஹோம்', 'ஹேம்' என்றும் பிரிந்த அதே முறையில்தான் 'கோல்', 'கேல்' என்ற இரு வடிவங்களும் பிரிந்தன. தென் வடிவம் இன்று அரிதாகவே வழங்குகிறது. உலகெங்கும் இக்கீரைக்கு இப்போது வழங்கும் ஆங்கிலப் பெயர் வடக்கின் வடிவமே.

இலத்தீன் வேரின் கிளைகள் தமிழுக்கும் எட்டியுள்ளன. முட்டைக்கோஸை இலங்கைத் தமிழர் கோவா என்பது போர்ச்சுக்கீசியரின் 'கோவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுச் சந்தையில் விற்கும் நூல்கோலின் பெயர், 'திரண்ட கோஸ்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லான 'க்னோல்கோல்' என்பதன் திரிபு. நூலுக்கும் கோலுக்கும் அக்காய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தண்டு பருத்துத் திரண்ட அந்தக் காயும், இலை மட்டும் விடும் ஸ்காட்லாந்துக் கீரையும் தாவரவியலில் ஒரே இனத்தின் இரு வகைகள் என்பதால், இங்குப் பெயர்களின் உறவும் செடிகளின் உறவும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன.

ஒரு கீரையின் பெயர் உணவுக்கே பெயரானதற்குக் காரணம் ஸ்காட்லாந்தின் குளிர்காலம். ஓட்ஸும், 'பேர்' எனப்படும் பழைய வகைப் பார்லியும் விளைந்த அந்நாட்டில், உருளைக்கிழங்கு 18ஆம் நூற்றாண்டில் பரவும் வரை, பனிக்காலத்தில் ஏழை வீட்டுக்கு எட்டிய பச்சைக் காய்கறி ஏறக்குறைய கேல் ஒன்றுதான். உறைபனி பட்டாலும் அது மடிவதில்லை. குளிரில் இலைக்குள் சர்க்கரை கூடுவதால் சுவை மிகவே செய்யும். குழிந்த கல்லில் இட்டு மரச்சுத்தியலால் குத்தி உமி நீக்கிய பார்லியையும் நறுக்கிய கேலையும் மூன்று கால் இரும்புப் பானையில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் சாறு ஆயத்தமாகும். அந்தப் பானைக்குப் பெயர் கேல்பானை. உணவு நேரத்தை அறிவித்த மணிக்குப் பெயர் கேல்மணி. இறைச்சி சேராத சாற்றை மக்கள் 'வெறுங்கால் கேல்' என்று அழைத்தனர். காலணி வாங்க வழியற்றவரின் வறுமையைச் சாற்றின்மேல் ஏற்றிச் சொன்ன அந்தப் பெயரில், அகராதி விளக்கம் எதுவும் தர இயலாத அளவுக்கு ஒரு காலத்தின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

டண்டீ நகரில் கிளாஸைட் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு 1777இல் கட்டப்பட்ட எண்கோணத் தேவாலயம் ஒன்று உண்டு. காலை வழிபாட்டுக்கும் பிற்பகல் வழிபாட்டுக்கும் இடையே அச்சபையார் ஒன்றாக அமர்ந்து சாறு அருந்தியதால், ஊரார் அவர்களது கோயிலைக் 'கேல் கர்க்' என்றனர். 'கர்க்' என்பது தேவாலயத்தைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல். பேச்சு வழக்கிலும் இச்சொல் ஆழ வேரோடியது. ஏற்கெனவே கேட்டுச் சலித்த கதையையோ சமயச் சொற்பொழிவையோ 'மீண்டும் சூடாக்கிய ஆறிய கேல்' என்றனர். ஒருவரைக் கடுமையாகத் திட்டுவதை, அவருடைய கேலைப் புகையின் ஊடாகக் கொடுப்பது என்றனர்.

திருமணக் குறி பார்ப்பதிலும் இச்செடிக்கு இடமிருந்தது. அக்டோபர் 31ஆம் நாள் வரும் ஹாலோவீன் இரவில் இளையோர் கைகோத்து, கண்களை மூடிக்கொண்டு, தோட்டத்தில் கைக்கு முதலில் அகப்பட்ட கேல் தண்டைப் பிடுங்குவர். தண்டு நேராக இருந்தால் வரப்போகும் துணையும் நிமிர்ந்த உடலினர், வளைந்திருந்தால் கூனலுடையவர் என்று கொள்வர். வேரில் ஒட்டிய மண் சீதனத்தின் அளவைக் காட்டும். தண்டின் உட்சோறு இனிப்பதும் கசப்பதும் துணையின் குணத்தைச் சொல்லும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட தம் முதல் நூலில், 'ஹாலோவீன்' என்ற கவிதைக்குத் தாமே எழுதிய குறிப்புகளில் இவ்வழக்கத்தை விவரித்துள்ளார்.

1773இல் ஸ்காட்லாந்தில் பயணம் செய்த ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லின் படைவீரர்களிடமிருந்தே அந்நாட்டார் கேல் பயிரிடக் கற்றனர் என்று அபர்டீனில் கேள்விப்பட்டதாக 1775இல் வெளியான தம் நூலில் எழுதி, அதற்கு முன் அவர்கள் எதை உண்டு வாழ்ந்தனர் என்றும் வியந்தார். கிராம்வெல் படையெடுத்தது 1650இல். அதற்கு நெடுங்காலம் முன்பே ஸ்காட்ஸ் எழுத்துகளில் கேல் என்ற சொல் பயின்று வருவதால், ஜான்சன் கேட்ட செய்தியைச் சொல்லின் பழமையே மறுத்துவிடுகிறது. எனினும் உயர்நிலப் பகுதியின் கேலிக் மொழியினரிடையே கேல் உண்பது தாழ்நிலத்தாரின் மென்மையான பழக்கமாக எண்ணப்பட்டதுண்டு. தாழ்நிலத்தை அடுத்து வாழ்ந்த கிரான்ட் குலத்தாரை 'கேல் தின்னும் மெலியர்' என்று ஏளனம் செய்தனர். இத்தனைக்கும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த 'கால்' என்ற கேலிக் சொல்லும் கீரையோடு உணவையும் குறித்தது. வேல்ஸ் மொழியின் 'கவுல்' என்பதோ இன்று இறைச்சியும் காய்களும் இட்ட சாற்றுக்கே பெயராக நிற்கிறது.

இக்கீரை வளர்ந்த இடம் 'கேல்யார்டு', அதாவது குடிசையை ஒட்டிக் கல்லடைப்பிட்ட சிறு தோட்டம். ஷெட்லாந்து தீவுகளில் இதற்கு முன்னோடியாக இன்னொரு அடைப்பும் தேவைப்பட்டது. காரையில்லாமல் கல் அடுக்கிக் கட்டிய, பெரும்பாலும் வட்டமான அந்தச் சிறு சுற்றுக்குப் 'பிளான்டிகிரப்' என்று பெயர். கோடைக் கடைசியில் அதற்குள் விதைத்த நாற்று, கடற்காற்றுக்கும் ஆடுகளுக்கும் தப்பிக் குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் கேல்யார்டுக்குப் பெயர்த்து நடப்படும். அத்தீவுகளுக்கே உரிய கேல் வகையின் விதை குடும்பங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. முற்றிய இலைகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனமாயின. ஒரு குடும்பம் அடுத்த அறுவடை வரை தாக்குப்பிடிக்குமா என்பது அந்தச் சிறு தோட்டத்தைப் பொறுத்திருந்த ஆண்டுகள் பல.

1890களில் இந்தத் தோட்டத்தின் பெயர் இலக்கியத் திறனாய்வுக்குள் வந்தது. ஜே. எம். பேரி, எஸ். ஆர். க்ராக்கெட், இயன் மக்லாரன் என்ற புனைபெயரில் எழுதிய போதகர் ஜான் வாட்சன் ஆகியோர் ஸ்காட்லாந்துச் சிற்றூர் வாழ்வை உருக்கமாகச் சித்திரித்த கதைகள் அப்போது பெரும் விற்பனை கண்டன. மக்லாரனின் 1894ஆம் ஆண்டு நூல், கேல்யார்டைக் குறிப்பிடும் பழம்பாடல் ஒன்றிலிருந்தே தலைப்பைப் பெற்றது. அதைப் பற்றிக்கொண்டு 1895இல் திறனாய்வாளர் ஜே. எச். மில்லர் அக்கதைகள் அனைத்தையும் 'கேல்யார்டு இலக்கியம்' என்று சாடினார். தொழிற்சாலையும் நகர வறுமையும் நிறைந்த நாட்டை, கண்ணீரும் பக்தியும் மிகுந்த குடிசைத் தோட்டமாகக் காட்டும் எழுத்து என்பது அப்பெயரின் பொருளாக நிலைத்தது. ஜார்ஜ் டக்ளஸ் பிரவுன் 1901இல் எழுதிய 'பச்சைப் பலகணிக் கதவுகள் கொண்ட வீடு' என்ற நாவல், சிற்றூரின் பொறாமையையும் கொடுமையையும் காட்டி அந்த உருக்கத்துக்கு எதிர்வழக்காடியது.

அக்கதைகளின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பெயரைத் தேர்ந்ததில்தான் பிழை. பசியையும் உழைப்பையும் மறைத்த எழுத்துக்கு, பசியும் உழைப்பும் உருவாக்கிய இடத்தின் பெயரைச் சூட்டியதால், கேல்யார்டு என்றாலே மிகையுணர்ச்சி என்று எண்ணும் வாசகர் தலைமுறைகள் தோன்றின. அப்பெயர் எழுத்தாளர்களைக் காட்டிலும் திறனாய்வாளர்களின் தேவையால் உருவான கட்டுமானம் என்ற கருத்தை ஆண்ட்ரூ நாஷ் 2007இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக வாதிட்டார். ஆயினும் ஸ்காட்லாந்தைப் பற்றிய நாவலோ திரைப்படமோ சற்றே நெகிழ்ச்சி காட்டினால், மதிப்புரையாளர்கள் இன்றும் எடுத்தாளும் சொல்லாகக் கேல்யார்டே இருந்துவருகிறது.