நீருக்கு வழி சமைத்தவர்

பரீட்சையிற் சித்தியெய்துவதே கல்வியின் முடிவென்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பல்கலைக்கழக மாணவனாகிய நானும் அவ்வழக்கத்திற்குப் புறம்பானவன் அல்லன். ஆயினும், பிழையின்றி எழுதவே இடர்ப்பட்ட ஒருவர் ஒரு தேசத்தின் போக்குவரத்தை மாற்றியமைத்தார் என்று வரலாற்றிற் படித்தபோது என் எண்ணம் சற்றே ஆட்டங்கண்டது. அவரே இங்கிலாந்தின் கால்வாய் எஞ்சினியர் ஜேம்ஸ் பிறின்ட்லி.

1716ஆம் ஆண்டு டேர்பிஷயரிற் பிறந்த பிறின்ட்லி, பதினேழாம் வயதளவில் ஆலைப்பொறிகள் அமைக்கும் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1742இல் லீக் என்னும் ஊரிலே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். நீர்ச்சக்கரங்களைச் செப்பனிடும்போதே நீரின் குணத்தை அவர் கற்றுக்கொண்டார். மான்செஸ்ரருக்கு அண்மையில் நிலக்கரிச் சுரங்கமொன்றில் நீர் நிறைந்து வேலை தடைப்பட்டபோது, பக்கத்தில் ஓடிய ஆற்றின் விசையைக் கொண்டே அந்நீரை இறைப்பித்தார்.

அக்காலத்து வீதிகளோ சேறும் பள்ளமுமாயிருந்தன. குதிரையின் முதுகிற் பொதியேற்றியே நிலக்கரி கொண்டுசெல்லப்பட்டது. வேர்ஸ்லியிலே சுரங்கங்களுக்கு உரிமையாளரான பிறிட்ஜ்வாட்டர் கோமகன், கரியை மான்செஸ்ரருக்கு நீர்வழியே அனுப்ப விரும்பி, 1759இற் பிறின்ட்லியை அழைத்தார். இடையிலே ஏர்வெல் ஆறு குறுக்கிட்டது. கால்வாயை ஆற்றில் இறக்கிப் பின் மேலேற்றுவதை விடுத்து, ஆற்றுக்கு மேலாகக் கற்பாலம் கட்டி, அதன்மேல் கால்வாயையே கொண்டுசெல்ல அவர் துணிந்தார். பாலத்தின்மேல் நீர் நில்லாது என்று நகைத்தோரும் உளர்.

நீர் கசியாதிருக்க அவர் கையாண்ட உபாயம் மிக எளியது. களிமண்ணை நீர்விட்டு நன்கு மிதித்துப் பிசைந்து, படைபடையாகக் கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் அப்புவித்தார். 1761ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்பாலத்தின்மேல் ஓடம் சென்றது. மான்செஸ்ரரிற் கரியின் விலை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஏழைகளின் அடுப்பும் எரிந்தது. அந்தப் பாலம் 1893 வரை நின்று பயன்பட்டது.

அதன்பின் அவருக்கு ஓய்வென்பதே இல்லை. குதிரைமீதேறி மேடு பள்ளங்களை நேரிற் பார்த்து அளந்து, கால்வாய்களுக்கு வழி குறித்தார். குறிப்புப் புத்தகத்தில் சொற்களைக் காதில் விழுந்தபடியே எழுதினார். கடினமான சிக்கல் எழுந்தால் படுக்கையிற் கிடந்து, விடை தோன்றும்வரை சிந்திப்பார் என்பர். 1766இல் ட்ரென்ற், மேர்சி ஆறுகளை இணைக்கும் 93 மைல் நீளக் கால்வாயைத் தொடங்கினார். அதன் வழியில் நின்ற ஹேர்காசில் குன்றை 2,880 யார் நீளத்துக்குக் குடைய வேண்டியிருந்தது. மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு அவ்விருளிலே உழைத்த தொழிலாளரையும் நாம் மறத்தலாகாது.

1772இற் கிளைக் கால்வாயொன்றுக்கு நிலம் அளக்கையில் மழையில் நனைந்தார். ஏற்கெனவே நீரிழிவினால் மெலிந்திருந்த அவர் நோய்வாய்ப்பட்டு, செப்டெம்பர் 27ஆம் நாள் காலமானார். குன்றின் குடைவு முடிவுறுவதை அவர் காணவில்லை.

அவர் கணக்குகளிற் பெரும்பகுதி அவர் நெஞ்சிலேயே இருந்தது. அந்நிலையில் வேலை நின்றுபோயிருத்தல் கூடும். ஆனால், அவருடன் நடந்து அளந்து பழகியவரும் அவர் மைத்துனருமாகிய ஹியூ ஹென்ஷோல் அதனை ஏற்று 1777இல் நிறைவேற்றினார். ஏட்டில் எழுதாததை ஆளிலே எழுதிவைத்திருந்தார் பிறின்ட்லி.

வாலிப நண்பர்களே, ஏட்டுக் கல்வியை இகழ்வதற்காக இதனை நான் எழுதவில்லை. அதனாலன்றோ பிறின்ட்லியின் கதையே எனக்குக் கிட்டியது. ஆனால், மண்ணையும் நீரையும் மரத்தையும் கையால் அறிந்த முதியோர் நம் ஊர்கள்தோறும் இருக்கின்றனர். அவர்களுடன் ஒரு நாளேனும் நடந்து பழகினோமா? நம்முட் பலர் இன்னும் எழுதாத பரீட்சை அதுவே.