ரெப்ரெசிலேட்டர்

ஒரு மரபணுவை வேலைசெய்ய விடாமல் ஒடுக்கும் புரதம் 'ரெப்ரெசர்'. 'ஆசிலேட்டர்' நம் பள்ளி இயற்பியலின் அலையியற்றி. அதன் லத்தீன் வேருக்கு ஊசலாடுதல் என்று பொருள். இரண்டும் ஒட்டிப் பிறந்ததே இந்தப் பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் தாங்கள் அமைத்த செயற்கைக் கடிகாரத்துக்கு 2000இல் இட்டது.

அதில் மூன்று மரபணுக்கள். முதலாவது இரண்டாவதை ஒடுக்கும், இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது திரும்பி வந்து முதலாவதை. ஒன்று தாழ்ந்தால்தான் அது ஒடுக்கிவைத்தது தலைதூக்கும். ஆனால் வட்டமாகக் கோத்தால் மட்டும் ஊசல் ஆடிவிடாது, ஒரே நிலையில் உறைந்தும் போகலாம். இதை முதலில் சமன்பாடுகளில் கண்டறிந்தார்கள். புரதங்கள் விரைந்து சிதைய வேண்டும் என்றது கணக்கு. அதற்காகவே அவற்றின் நுனியில் சிதைவுக்கான வால் ஒன்றைச் சேர்த்தார்கள். உயிரைத் தாளில் வரைந்து பிறகு கட்டிய இந்த இடமே எனக்குப் பெருவியப்பு.

தமிழில் 'ஒடுக்கூசல்' எனலாம். ஊஞ்சலின் உறவும் அதில் இருக்கிறது.

அந்தக் கடிகாரத்தின் ஆட்டத்துக்கேற்ப பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 160 நிமிடங்களுக்கு ஒருமுறை பச்சையாக ஒளிர்ந்து மங்கின.