டாக்சியில் பாஸுக்கு எந்த சீட்? ஜப்பானின் 'சீனியர் - ஜூனியர்' கலாசாரம் எப்படி இயங்குகிறது?

ஜப்பானில் மேலதிகாரியுடன் டாக்சியில் போனால், ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் சீட் அவருக்குத்தான். ஜூனியர் முன்சீட்டில் உட்கார்ந்து, வழி சொல்லி, காசு கொடுத்து இறங்கணும். மீட்டிங் அறையில் கதவுக்குத் தள்ளி இருக்கும் இடம் பெரியவருக்கு, கதவோரம் ஜூனியருக்கு. லிஃப்டில் பட்டன் அமுக்குவதும் அவர் வேலைதான்!

முன்னால் சேர்ந்தவர் 'சென்பாய்', பின்னால் வந்தவர் 'கோஹாய்'. பள்ளி விளையாட்டுக் குழுவிலேயே இது ஆரம்பித்துவிடும். ஆபீஸிலும் சேர்ந்த வருஷம் முக்கியம். நிறுவனங்கள் ஏப்ரல் 1-ம் தேதி புதியவர்களை மொத்தமாகச் சேர்ப்பது வழக்கம் என்பதால் கணக்கு சுலபம். ஒரே வருஷம் சேர்ந்தவர்கள் 'தோகி'. அரசுத் துறைகளில் ஒரு தோகி உச்சப் பதவிக்கு வந்தால், மற்ற தோகிகள் விலகிவிடும் வழக்கம்கூட இருந்தது.

பேச்சும் மாறும். தமிழில் 'நீ', 'நீங்க' என்று மாற்றினால் ஓரளவு போதும். அங்கே வினைச்சொல்லே வேறு. சாப்பிடுவதற்குச் சாதாரணமாக 'தபேரு'. பெரியவர் சாப்பிட்டால் 'மெஷியாகாரு'. அவர் முன்னால் நான் சாப்பிட்டால் 'இததாகு'. இந்த மரியாதை மொழிக்குப் பெயர் 'கெய்கோ'. ஜப்பானிய இளைஞர்களே இதில் தடுமாறுவாங்க.

சம்பளமும் பதவியும் வருஷக் கணக்கில் ஏறும் முறைக்கு 'நென்கோ ஜோரெட்சு' என்று பெயர். அவசரமில்லாமல் வேலை கற்றுக்கொள்ளலாம், சென்பாய் கற்றும் கொடுப்பார். இது உண்மையான பலம்.

சிக்கல், தப்பு என்று தெரிந்தும் ஜூனியர் வாய் திறக்காதபோது வருகிறது. 2011 புகுஷிமா அணு உலை விபத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் கியோஷி குரோகாவா, 2012 அறிக்கையின் முன்னுரையில், அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தயங்கும் பழக்கத்தையும் காரணமாகச் சொன்னார். 'கலாசாரத்தின் மேல் பழி போட்டால் தனிமனிதர்கள் தப்பித்துவிடுவார்கள்' என்று விமர்சனமும் வந்தது. அதுவும் நியாயம்தான்.

மேலதிகாரிகளின் மிரட்டலை அங்கே 'பவஹரா' என்பாங்க. அதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்தும் சட்டம் 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறிய நிறுவனங்களுக்கும் அமலுக்கு வந்தது.

இப்போது திறமையைப் பார்த்துப் பதவி தரும் நிறுவனங்களும் உண்டு. அதனால் 35 வயது மேனேஜருக்குக் கீழே 50 வயது ஊழியர் வேலை பார்க்கும் நிலை வருகிறது. யார் யாருக்கு மரியாதை மொழி பேசுவது? பல ஆபீஸ்களில் இரண்டு பேருமே பேசிவிடுகிறார்கள்.