மின்ரயிலுக்கு மின்சாரம்: சென்னை முதல் கொட்டாரம் வரை

தென்னிந்தியாவின் முதல் மின்ரயில்கள் 1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் ஓடத் தொடங்கின. பாதையை மின்மயமாக்கிய தென்னிந்திய ரயில்வே, மின்சாரத்தைச் சென்னை மின்வழங்கு நிறுவனத்திடம் வாங்கியது. எழும்பூர், மீனம்பாக்கம் துணைமின் நிலையங்களில் மாறுதிசை மின்சாரம் 1,500 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு மேல்கம்பிக்குச் சென்றது.

சிக்கல் இங்கேதான். ரயிலின் மின்தேவை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நிலையத்தை விட்டுக் கிளம்பி வேகமெடுக்கும் சில நொடிகளில்தான் அது உச்சத்தைத் தொடும். காலை நெரிசலில் பல வண்டிகள் சேர்ந்து கிளம்பினால் கம்பியில் மின்னழுத்தம் சரியும், வண்டிகள் வேகம் பிடிக்கத் திணறும். 1,500 கிலோவாட் இழுக்கும் வண்டிக்கு 1,500 வோல்ட்டில் 1,000 ஆம்பியர் வேண்டும். மின்னழுத்தத்தை 25,000 வோல்ட்டாக உயர்த்தினால் ஏறத்தாழ 60 ஆம்பியரே போதும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் இழப்பும் குறையும். துணைமின் நிலையங்களை இன்னும் அதிக இடைவெளியில் அமைக்கலாம்.

எனவே 1960களில் தாம்பரம்–விழுப்புரம் பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் மின்மயமானது. பழைய கடற்கரை–தாம்பரம் புறநகர்ப் பாதையும் அதற்கு மாறியது. தொலைநோக்குள்ள முடிவு அது. நகர எல்லையைத் தாண்டி மின்ரயில் நெடுந்தொலைவு போக அதுவே வழிவிட்டது.

தமிழகத்தின் தென்கோடியில், கொட்டாரம் என்ற ஊரின் பக்கமாகக் கன்னியாகுமரி செல்லும் அகலப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் டீசல் வண்டிகள் ஓடிய அப்பாதையிலும் இன்று மேல்கம்பியில் பாய்வது அதே 25,000 வோல்ட் மின்சாரம்.