கப்பலேறிய மாங்காய்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு சித்திரை மாத மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜூஸ் கடைப் பையன் மிக்ஸி சத்தத்துக்கு மேல் கத்துகிறான்: “மேங்கோவா, சாத்துக்குடியா சார்?” கடையிலிருந்து மூன்றடி தள்ளி, கோணியை விரித்து உட்கார்ந்திருக்கிறாள் ஓர் ஆயா. கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக்கொண்டே, “மாங்கா... மாங்கா...” என்று குரல் கொடுக்கிறாள்.

இரண்டு பேர் விற்பதும் ஒரே மரத்துச் சரக்குதான். சொல்லும் ஒரே சொல்தான்! பையன் சொல்கிற ‘மேங்கோ’, ஆயா சொல்கிற ‘மாங்கா’வுக்குக் கொள்ளுப்பேரன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுக் கப்பலேறிப் போய், லிஸ்பன், லண்டன் என்று சுற்றி, கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிற பாட்டியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

பாட்டியின் பூர்வீகத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழில் மரத்தின் பெயர் வெறும் ‘மா’. ஓரெழுத்து. ஆனால் அந்த ஓரெழுத்துக்குள் ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருக்கிறது. விலங்குக்கும் மா என்று பேர் (சிங்கத்தை அரிமா என்கிறோமே). ‘மாநிறம்’ என்கிறோமே, அதில் இருப்பது கறுப்பு. தஞ்சாவூர்க்காரர்களைக் கேட்டால், வேலியில் இருபதில் ஒரு பங்கு நிலம் ஒரு மா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அரிசியை இடித்தால் கிடைப்பதும் மா. இத்தனை பேருக்கு நடுவில் மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் வருகிற சொல்லோடு சேரும்போது அது மூக்கால் ஒரு சத்தம் போடும். மா, பழத்தோடு சேர்ந்தால் மாம்பழம். காயோடு சேர்ந்தால் மாங்காய். இந்த மரம் எப்படிப் புணரும் என்று தொல்காப்பியத்தில் விதியே வகுத்து வைத்திருக்கிறார்கள்.

காட்டோடு சேர்ந்தால்? மாங்காடு!

பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டுவிடுகிறார்களே, அதே காமாட்சி அம்மன் மாங்காடுதான். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு பழைய வனத்தின் வரைபடம் கிடைக்கும். இந்தப் புறம் மா நின்ற மாங்காடு, அந்தப் புறம் வேல மரம் நின்ற திருவேற்காடு, அரக்கோணத்துக்குப் போகிற வழியில் ஆல் நின்ற திருவாலங்காடு, நடுவில் பூவைப் பெயரிலேயே வைத்திருக்கிற பூவிருந்தவல்லி. (மாம்பலத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் வில்வ மரத்தை வைத்து வேறு கதை சொல்கிறார்கள்.)

மாங்காட்டுத் தல புராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்திவிட்டாள் பார்வதி. உலகமே இருண்டுபோனது. அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக மாங்காட்டுக்கு வந்து, ஐந்து தீக்கு நடுவில், ஒற்றைக் கால் விரலில் நின்று தவம் செய்தாள். பிறகு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போனாள். அங்கே மாப்பிள்ளை யார்? ஏகாம்பரநாதர். அவரும் ஒரு மாமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்! ‘ஏக ஆம்ரம்’ என்றால் ஒற்றை மாமரம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ‘ஆம்ரம்’ மாவுக்கு வடமொழிச் சொல். தமிழ் மாவிலிருந்து புறப்பட்டு வடமொழி மாவில் போய்ச் சேர்ந்த பயணம் என்று இதைச் சொல்லலாம். வழி கிட்டத்தட்ட இன்றைய பெங்களூர் நெடுஞ்சாலை. பூந்தமல்லியில் பிறந்து, காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியும் அந்தத் திசையில் நடந்தவர்தான்.

இந்த இரண்டு சொற்களில் உலகத்துக்கு எது போயிருக்க வேண்டும்? நியாயமாகப் பார்த்தால் ‘ஆம்ரம்’. அதற்குத்தான் செல்வாக்கு அதிகம். இந்தியில் ஆம், மராத்தியில் ஆம்பா. 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், ஆம்ரத்தைத்தான் சீன எழுத்தில் எழுதி வைத்தார். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா ‘அன்பா’ என்றார். 1510-ல் இத்தாலியில் அச்சான வர்த்தேமாவின் பயணநூல், கோழிக்கோட்டு மாங்கனியை ‘அம்பா’ என்றே குறிப்பிடுகிறது. அதுவரை ஆட்டம் ஆம்ரத்தின் பக்கம்தான்.

ஆட்டத்தைத் திருப்பியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் இறங்கியது 1498 மே மாதம். மே மாதம் என்றால் என்ன சீசன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குக் கரையிலும், அப்புறம் சாந்தோம் வரைக்கும் கிழக்குக் கரையிலும், கடைவீதியில் அவர்கள் காதில் விழுந்தது ‘மாங்க...’ என்கிற சத்தம். அதை ‘மங்கா’ ஆக்கிக்கொண்டார்கள். கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் அச்சிட்ட மூலிகைப் புத்தகத்தில் மங்காவுக்குத் தனி அத்தியாயமே உண்டு. பம்பாயில் தன்னிடம் இருக்கும் மரம் வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்கும் என்று அதில் பெருமை வேறு அடித்துக்கொள்கிறார்! அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் மேங்கோ.

இங்கே மலையாளிகள் சண்டைக்கு வருவார்கள். “கோழிக்கோடு எங்க ஊரு, ‘மாங்ங’ எங்க சொல்லு” என்பார்கள். பல ஆங்கில அகராதிகளும் அவர்கள் பக்கம்தான். ஆனால் 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற பிரபலமான ஆங்கிலோ இந்திய அகராதி தமிழ் மாங்காயைத்தான் கைகாட்டுகிறது. போதாக்குறைக்கு, தமிழ் வியாபாரிகள் கொண்டுபோன சொல் மலாய் மொழியில் ‘மங்கா’ ஆகியிருந்தது. 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுக்கீசியருக்கு அங்கேயும் இதே சத்தம்தான் கேட்டிருக்கும். என்னைக் கேட்டால், அக்கா வீட்டு மாங்காயா தங்கை வீட்டு மாங்காயா என்று பஞ்சாயத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று.

எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. பழத்துக்குப் பேர்போன மரம். இனிப்பான ‘மாம்பழம்’ என்ற சொல் இருக்கும்போது, உலகம் ஏன் புளிப்பான ‘மாங்காயை’ எடுத்துக்கொண்டது? இனிய சொல்லை விட்டுக் கடுஞ்சொல் பேசுகிறவனைப் பழத்தை விட்டுக் காயைப் பறிப்பவனோடு ஒப்பிட்டவர் வள்ளுவர். அவர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்.

மலையாளத்தில் காய்க்கும் கனிக்கும் பொதுவாகவே ‘மாங்ங’ என்பது வழக்கம். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கப்பலில் தேட வேண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அன்றைக்கு ஆறு மாதக் கடல் பயணம். பழம் ஆறு நாள் தாங்குமா? தாங்குவது ஒன்றே ஒன்றுதான். ஊறுகாய்!

பச்சை மாங்காயை உப்பில் ஊறப்போடும் நம்ம ஊர்ப் பக்குவத்தை இபின் பதூதாவே வியந்து எழுதியிருக்கிறார். ஜாடியில் ஏறி, நல்லெண்ணத் தூதராக லண்டன் போய்ச் சேர்ந்தது அந்த ஊறுகாய்தான். இங்கிலாந்தில் பெரும்பாலானோர் முதலில் பார்த்த ‘மேங்கோ’ மஞ்சளாக, இனிப்பாக இல்லை. பச்சையாக, புளிப்பாக, மசாலா வாசனையோடு இருந்தது. அதனால் அவர்கள் மேங்கோ என்றாலே ஊறுகாய் என்று புரிந்துகொண்டார்கள். ஊறுகாய் போடுவதற்கே ‘மேங்கோ பண்ணுவது’ என்று பேர் வைத்துவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகங்களைப் புரட்டினால் வெள்ளரிக்காய் மேங்கோ, முலாம்பழ மேங்கோ எல்லாம் இருக்கும். அசல் மாங்காய் கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த டூப்ளிகேட்!

இந்தக் கூத்து அமெரிக்காவுக்கும் போனது. அங்கே குடமிளகாயின் வயிற்றைக் கீறி, உள்ளே முட்டைக்கோஸை அடைத்து ஊறுகாய் போட்டார்கள். அதற்கும் மேங்கோ என்றார்கள். ஊறுகாய் வழக்கம் போனாலும் பேர் போகவில்லை. ஒஹையோ, இண்டியானா பக்கத்தில் வயசான சிலருக்கு மேங்கோ என்றால் குடமிளகாய்தான். நம்ம ஊர்ப் பையன் அங்கே மாப்பிள்ளையாகப் போய், மாமியாரிடம் “மேங்கோ பிடிக்கும்” என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வடக்குச் சொல்லும் மேற்கே போனபோது ஜாடியில்தான் போனது. ஈராக்கில் ‘அம்பா’ என்றால் மாங்காய் ஊறுகாய்க் குழம்பு. ஈராக் யூதர்களோடு இஸ்ரேலுக்கும் போய், அங்கே ரொட்டிக் கடைகளில் சக்கைப்போடு போடுகிறது.

யோசித்தால், வீட்டிலும் காய்க்குத்தான் மரியாதை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோமே தவிர மாம்பழம் அடிப்பதில்லை. மெரினாவில் விற்பது தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல். காஞ்சிபுரம் பட்டில் வளைந்த மூக்கோடு வருகிற டிசைனுக்கு மாங்காய் என்று பேர். (அதே டிசைனை வெள்ளைக்காரர்கள், சால்வை நெய்த ஒரு ஸ்காட்லாந்து ஊரின் பெயரால் ‘பெய்ஸ்லி’ என்கிறார்கள். அங்கே ஏது மாமரம்?) தமிழ் வாத்தியார் சீர் பிரிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தேமா, புளிமா... இனிக்கிற மா, புளிக்கிற மா. அதற்கு மேல் தேமாங்காய், தேமாங்கனி. வெண்பாவுக்குள் காய்ச்சீர் வரலாம், கனிச்சீர் வரக் கூடாது என்பது இலக்கணம். கப்பல்காரனும் வெண்பாப் புலவனும் எப்படியோ ஒத்துப்போயிருக்கிறார்கள்!

காய்க்காக ஓர் உயிரும் போயிருக்கிறது. குறுந்தொகையில் பரணர் சொல்கிற சம்பவம் அது. நன்னன் என்று ஒரு குறுநில மன்னன். அவனுக்கு ஒரு காவல் மரம், மாமரம். அதிலிருந்து விழுந்த ஒரு காயை ஆறு அடித்துக்கொண்டு வந்தது. குளிக்கப் போன ஒரு பெண் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். பழம் என்று பரணர் சொல்லவில்லை, காய் என்றுதான் சொல்கிறார். காவல் மரத்துக் காயைத் தின்றது குற்றம், மரண தண்டனை என்றான் நன்னன். பெண்ணின் பக்கத்தில் 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை. கொன்றேவிட்டான். அவள் பேர் என்ன என்று பாட்டில் இல்லை. ‘பெண் கொலை செய்தவன்’ என்ற பட்டத்தோடு நன்னன் பேர் மட்டும் இன்றுவரை நிற்கிறது. பின்னால் கோசர்கள் தந்திரமாக அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள் என்று இன்னொரு பாட்டில் பரணரே சொல்கிறார்.

அந்தக் காலத்துக் கொடுமை என்று புத்தகத்தை மூடிவிட முடியாது. 1968 ஆகஸ்ட் மாதம். சீனாவில் கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்தது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் கொண்டுவந்து கொடுத்த மாம்பழங்களை, தான் தின்னாமல், பீஜிங் சிங்குவா பல்கலைக்கழகத்தில் இருந்த தொழிலாளர் குழுவுக்கு அனுப்பிவைத்தார் மாவோ. பெரும்பாலானோர் அதுவரை மாம்பழத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தலைவர் தொட்ட பழமாயிற்றே! மருந்தில் போட்டுப் பாதுகாத்தார்கள். மெழுகில் பழம் செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஊர் ஊராக ஊர்வலம் விட்டார்கள். அழுகிய பழத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். கிராமத்துப் பல் வைத்தியர் ஒருவர், “பார்த்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கு” என்று வாய் தவறிச் சொன்னார். அவரைத் தெருத் தெருவாக இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள்.

சீன மொழியில் அந்தப் பழத்துக்கு இன்றைய பேர் ‘மாங்குவோ’. யுவான் சுவாங் எழுதிவைத்த ஆம்ரம் அங்கே ஏட்டோடு நின்றுவிட, கடல் வழியாகப் போன மாங்காய் ஜெயித்துவிட்டது.

1639-ல் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் இடம் கேட்டு வந்தபோது, இந்தப் பகுதி நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். டேயின் நாக்குக்கு மேங்கோ என்ற சொல் அதற்குள் பழகியிருக்கும். ஆங்கிலத்தில் அது ஏறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது.

ஆயாவிடம் வாங்கிய துண்டைக் கடித்துக்கொண்டே, “எந்த ஊர்க் காய் ஆயா?” என்று கேட்டேன். “மார்க்கெட்ல வாங்கினதுப்பா. கிருஷ்ணகிரி பக்கம்னாங்க” என்றாள். “மாங்காட்டுல மாமரம் இல்லையா?” என்றதற்குச் சிரித்தாள். “போய்ப் பாரேன்.”

போனேன். கோயிலைச் சுற்றி அடுக்குமாடிக் கட்டடங்கள். நாலைந்து தெரு அலைந்த பிறகு, ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு ஒரு கிளை நீண்டிருந்தது. கொத்துக் கொத்தாகக் காய். சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்: ‘மாங்காய் பறிக்காதீர்கள்’.