லேபிள் விழாத டிவிடியும் மட்டாஞ்சேரிச் செப்பேடும்

போன மாதம் நண்பர் ஒருவர் மடல் அனுப்பியிருந்தார். அவர் தங்கையின் கல்யாணம் 2006ல் ஊரில் நடந்தது. அப்போது எடுத்த வீடியோவை டிவிடியில் ஏற்றி, மேலே மணமக்கள் பெயரையும் கோலத்தையும் லைட்ஸ்கிரைப்பில் பொறித்து, சொந்தபந்தம் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். இப்போது கராஜில் கிடந்த பழைய கணினியை இறக்கி, மிச்சமிருந்த வெற்று வட்டுகளில் இன்னும் நாலு பிரதி எடுக்கப் பார்த்தாராம். படம் ஏறுகிறது. லேபிள் மட்டும் விழவில்லை. "டிரைவ் போயிடுச்சா, டிஸ்க் போயிடுச்சா, சொல்லுப்பா" என்று கேட்டிருந்தார்.

நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம். எழுத உட்கார்ந்தபோது கொச்சி மட்டாஞ்சேரி ஞாபகத்துக்கு வந்து, மடல் பதிவாக நீண்டுவிட்டது. டிவிடிக்கும் மட்டாஞ்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வருகிறேன், முதலில் வட்டை முடித்துவிடுவோம்.

சிடியில் எழுத ஆரம்பித்த நாளிலிருந்தே "எது எந்த சிடி" என்ற தலைவலியும் கூடவே வந்துவிட்டது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் ஆபத்து. சிடியில் தகவல் இருக்கும் படலம் நாம் நினைப்பதுபோல் அடியில் இல்லை. லேபிள் பக்கத்தை ஒட்டி, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. பேனா முனை அழுந்தினால் பாட்டு போச்சு. (டிவிடியில் படலம் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த அளவு பயம் இல்லை.) காகித லேபிள் ஒட்டினால் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், நாளாக ஆக ஓரம் பிரியும். 2002ல் யமஹா ஒரு வழி கண்டுபிடித்தது. தகவல் பக்கத்தில் மிச்சமிருக்கும் வெற்றிடத்திலேயே லேசரால் படம் வரைவது. வட்டு நிறைந்துவிட்டால் வரைய இடமில்லை! அது அதிகம் ஓடவில்லை.

லைட்ஸ்கிரைப் வந்தது அதற்குப் பிறகு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கொர்வாலிஸ் என்ற ஊரில் இருந்த ஹெச்.பி. பொறியாளர் டேரில் ஆண்டர்சன் இதைக் கண்டுபிடித்தார். ஹெச்.பி.யின் இங்க்ஜெட் பிரிண்டர் வளர்ந்த ஊரும் அதே கொர்வாலிஸ்தான். மை விற்றே கொழித்த ஊரிலிருந்து மையே இல்லாமல் அச்சடிக்கும் யோசனை வந்தது வேடிக்கைதான் :-) 2004 ஜனவரியில் அறிவித்தார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் கடையில் வாங்கும் கணினிகளில் எல்லாம் அந்தச் சின்னம் தெரிய ஆரம்பித்தது. 2005ல் யமஹாவும் ஃப்யூஜிஃபில்மும் சேர்ந்து லேபிள்ஃப்ளாஷ் என்று போட்டிக்கு இறக்கின. ஒன்றின் வட்டு மற்றதில் வேலை செய்யாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

'பொறிப்பது' என்று எல்லோரும் சொன்னாலும் உண்மையில் எதையும் வெட்டுவதில்லை. வட்டின் மேற்புறத்தில் வெப்பம் பட்டால் நிறம் மாறும் சாயம் பூசியிருக்கும். வட்டைத் தலைகீழாகப் போட்டால், சிடிக்கென்று உள்ள 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக் கருக்கும். முழு வட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். நடுத் துளையைச் சுற்றி ஒரு குறியீட்டு வளையம் உண்டு. அதைப் படித்துத்தான் வட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, அது எந்த வகை வட்டு என்று டிரைவ் தெரிந்துகொள்கிறது. இன்று பாதி எழுதி நாளை அதே இடத்திலிருந்து தொடர முடிவது இந்த வளையத்தால்தான்.

இது புரிந்தால் நண்பர் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். டிவிடி எழுதுவது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். லேபிள் போடுவது அகச்சிவப்பு லேசர். ஒன்று நன்றாக இருக்க மற்றது படுத்துவிடலாம். ஆகவே டிரைவில் ஒரு பழைய பாட்டு சிடியைப் போட்டுப் பாருங்கள். சிடியும் படிக்கத் திணறினால் அகச்சிவப்பு லேசர் தளர்ந்திருக்கும், அல்லது லென்சில் தூசி. சிடி ஒழுங்காக ஓடினால் சந்தேகம் வட்டின் மேல். தலைகீழாகத்தான் போட்டீர்களா? (சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இங்கேதான் சறுக்குவார்கள்.) நடு வளையத்தில் விரல் ரேகை, பிசுக்கு இருக்கிறதா? மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். லேபிள் விழுந்தும் மங்கலாக இருந்தால் அதே படத்தை அதே வட்டில் இன்னொரு முறை ஓட்டலாம், அடர்த்தி கூடும். பாதியில் நிற்கிறதென்றால், அந்த அரை மணி நேரத்துக்குள் கணினி தூங்கப் போகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் "வட்டை அடையாளம் தெரியவில்லை" என்றே வந்தால் கோளாறு மென்பொருளில். லேபிளை வடிவமைக்கும் மென்பொருள் ஒன்று. அதற்கும் டிரைவுக்கும் நடுவே லைட்ஸ்கிரைப்புக்கே உரிய கணினிச் செயலி இன்னொன்று. புது வகை வட்டு சந்தைக்கு வரும்போதெல்லாம் அந்தச் செயலியைப் புதுப்பிக்க வேண்டும். பழைய செயலிக்குப் புது வட்டின் வளையம் புரியாது. 2013ஆம் ஆண்டோடு லைட்ஸ்கிரைப்பைக் கைவிட்டார்கள், அதன் அதிகாரபூர்வத் தளமும் போனது. டிரைவ் உயிரோடு இருக்கிறது, வட்டு உயிரோடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஆள் இல்லை. நண்பர் வீட்டில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வட்டுகள் அவை. கணினியிலோ கல்யாணத்தின்போது போட்ட செயலி அப்படியே கிடக்கிறது.

மட்டாஞ்சேரி ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான். எழுத்து இருக்கும், அது எழுதப்பட்ட பொருளும் பத்திரமாக இருக்கும், ஆனால் படிப்பதற்கான சாவி நடுவில் தொலைந்துவிடும். கொச்சியில் இது ஒரு முறை பெரிய அளவில் நடந்திருக்கிறது.

காக்கநாட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது, ஊரிலிருந்து யார் வந்தாலும் எர்ணாகுளத்தில் போட் ஏற்றி மட்டாஞ்சேரிக்குக் கூட்டிப்போவேன். அரண்மனை, பக்கத்தில் 1568ல் கட்டிய பரதேசி யூதர் கோயில். எல்லாரும் குனிந்து தரையில் பதித்த சீன ஓடுகளைப் பார்ப்பார்கள். தமிழர்களாகிய நாம் பார்க்க வேண்டியது அந்தச் சமூகம் கட்டிக்காத்த இரண்டு செப்பேடுகளை. மொத்தம் மூன்று பக்கத்தில் எழுத்து. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழியை 'அந்தக் காலக் கேரளப் பேச்சு' என்பார்கள் சிலர், 'பழைய தமிழ்' என்பார்கள் சிலர். இந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒருவர் வாசித்துக்காட்டினால் நமக்குப் பாதிக்கு மேல் காதில் விளங்கும்.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூரில், இருந்தபோது ஈசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த பட்டயம் அது. ஜோசஃப் ரப்பான் என்ற பெயர் நம் எழுத்தில் ஈசுப்பு இரப்பானாகிவிட்டது. (சுப்பிரமணியனை 'சப்ரா' ஆக்கும் இங்குள்ளவர்களை இனிமேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் எழுபத்திரண்டு உரிமைகளும் அவருக்கு. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று நீள்கிறது பட்டியல். மற்றவர்கள் கட்டும் வரியை இவர் கட்ட வேண்டாம். மற்றவர்களுக்குக் கிடைப்பது இவருக்கும் கிடைக்கும். இவருக்குப் பின் மகன்கள், மகள்கள், மருமக்கள், மகளைக் கட்டிய மருமகன் வரை இந்த உரிமை செல்லும், உலகும் நிலவும் உள்ளவரை. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை ஆண்டவர்கள் சாட்சி. கடைசியில் எழுதியவர் பெயரும் உண்டு.

யார் கொடுத்தது, யாருக்கு, எங்கே, எப்போது, யார் பார்த்தது, யார் எழுதியது என்ற ஆறும் அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கின்றன. லேபிளுக்கென்று தனிப் பக்கம் இல்லை, திருப்பிப் போடவும் வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் தேதி தவறியது. பட்டயத்தில் ஆண்டு மன்னனின் ஆட்சிக் கணக்கில் இருக்கிறது: இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு, அதாவது முப்பத்தெட்டாவது ஆட்சியாண்டு. அந்த மன்னன் எந்தக் காலத்தவன் என்பது ஊரில் மறந்துபோனபின் இந்தக் கணக்கை வைத்து யார் என்ன செய்ய முடியும்? வட்டெழுத்தும் வழக்கொழிந்து போனது. தமிழ்நாட்டில் சோழர் காலத்திலேயே ஒதுங்கத் தொடங்கிய எழுத்து அது. கேரளத்தில் இன்னும் சில நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. பட்டயம் கி.பி. 379ஐச் சேர்ந்தது என்றே அந்தச் சமூகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. இன்று ஆய்வாளர்கள் சொல்வது சுமார் கி.பி. 1000. அறுநூறு வருட வித்தியாசம்! செம்பு துரும்பளவும் தவறு செய்யவில்லை. படிக்கும் கண்தான் இல்லாமல் போனது.

கண் திரும்பக் கிடைத்தது பிரதிகளால். 1806ல் கேரளத்துக்கு வந்த கிளாடியஸ் பியூக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் செப்பேட்டைச் செம்பிலேயே நகல் எடுக்கச் செய்து, அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் 1844ல் சென்னையில் வந்துகொண்டிருந்த ஆய்விதழில் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ட்ஷ் 'எபிகிராஃபியா இண்டிகா'வில் மூல வாசகத்தோடு பதிப்பித்தார். 2017ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த பரிசிலும் இந்தச் செப்பேட்டின் நகல் இருந்தது.

பரிசு போன திசையிலேயே மனிதர்களும் ஏற்கெனவே போயிருந்தார்கள். 1950களில் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். பட்டயம் மட்டாஞ்சேரியிலேயே தங்கியது. பெண்கள் தங்களோடு எடுத்துப்போனது மலையாளப் பாட்டு நோட்டுப் புத்தகங்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் கூடிப் பாடும் பாட்டுகளைக் கையால் எழுதி வைத்த நோட்டுகள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஹீப்ரு தெரியும், மலையாள எழுத்து தெரியாது. பாட்டிமார் பாடியதை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2004ல் எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அவற்றிலிருந்து ஒரு சிடி வெளியிட்டது. 'ஓ, லவ்லி பேரட்!' என்று பெயர், கிளிப் பாட்டு. லைட்ஸ்கிரைப் அறிவித்த அதே வருடம்.

நம் வீட்டு அலமாரியில் இருப்பதும் இதுதானே? பாட்டியின் தாலாட்டு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், ஊர்க் கொடை, எல்லாம் வட்டு வட்டாக. மேலே தமிழில் 'சித்தி வீடு - 2' என்று எழுதியிருக்கும். எந்தச் சித்தி? எந்த வீடு? 1 எங்கே? நம் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தே வட்டெழுத்துதான்.

நண்பருக்கு நான் எழுதியது இவ்வளவுதான். டிரைவோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிவிடியில் இருப்பதை இந்த வாரமே வன்தட்டுக்கு இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று தங்கை வீட்டில். ஏற்கெனவே பொறித்த லைட்ஸ்கிரைப் லேபிள்கள் வெளிச்சம் பட்டால் மங்கும், உறைக்குள் இருட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே ஊர், தேதி, மணமக்கள் முழுப்பெயர். கூடவே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு: வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார்கள், அவர் நமக்கு என்ன முறை. தமிழில் எழுதி, கீழே பிள்ளைகள் படிக்கும் மொழியிலும். அம்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பந்தியில் மூன்றாவதாக இருப்பவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வட்டின் மேல் ஏதாவது எழுதியே ஆக வேண்டுமானால் நடுத் துளையை ஒட்டிய தெளிவான வளையத்தில், தண்ணீர் மை மார்க்கரால் எழுதுங்கள். ஆல்கஹால் கலந்த மார்க்கர் சிடிக்கு ஆகாது. வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.